இரும்பு எங்கே?

“இரும்பு எங்கே போனது?”

மடிக்கணினித் திரையில் வெளித் தேர்வாளர் குகன் கேட்டார். அவர் இருந்தது ஸ்காட்லாந்தில்.

ஜெலுத்தோங் வீட்டு வரவேற்பறையில் வெரோனிக்கா திரைக்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆறு வருட முனைவர் ஆய்வு, இந்த ஒரு பதிலில் வந்து நின்றது.

விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும் வாயு. பின்னாலுள்ள விண்மீனின் புற ஊதா ஒளி அதைக் கடந்து வரும்போது, ஒவ்வொரு தனிமமும் தனக்கான இடத்தில் ஒரு கடி கடித்து வைக்கும். கடியின் ஆழத்தை வைத்து அளவைச் சொல்லிவிடலாம். துத்தநாகம் ஏறக்குறைய இருக்கவேண்டிய அளவு இருந்தது. இரும்போ நூற்றில் ஒரு பங்குதான்.

மீதி மாயம்.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

‘பெசி புரூக்... பெசி புரூக்...’

பழைய இரும்பு வாங்கும் லாரி. ஒலிபெருக்கி அலற, நேராக வாசலில் வந்து நின்றது. எடைபோடச் சரக்கு கிடைத்தால்தான் அது வாயை மூடும்.

தெருவில் சத்தமே வராது என்று சத்தியம் செய்திருந்த கணவன் பேட்ரிக் வெளியே பாய்ந்தான்.

அலறல் தொடர்ந்தது. குகன் கண்ணை மூடி, காதைத் திரைக்கு அருகே கொண்டுவந்தார். போச்சு, என் குரல் அவருக்குக் கேட்காது என்று நினைத்தாள்.

சட்டென்று நின்றது.

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இரும்பு தொலையவில்லை. வாயுவை விட்டுத் தூசுத் துகள்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அங்கே போன பிறகு கடி விழாது.

தேர்வாளர்கள் தனியே பேசிவிட்டுத் திரும்பினார்கள். தேறிவிட்டாள்.

விடைபெறும்போது குகன் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு மாறினார்.

“நான் பட்டர்வொர்த் ஆளும்மா, உங்களுக்கு எதிர்க்கரை. அந்த லாரி சத்தம் கேட்டுப் பதினஞ்சு வருசமாச்சு. ஏன் அதுக்குள்ள நிப்பாட்டிட்டாங்க?”

வெரோனிக்கா வெளியே ஓடினாள்.

கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் தார்ப்பாய் மட்டும் கிடந்தது. அதன் கீழிருந்த பேட்ரிக்கின் பழைய மோட்டார் சைக்கிள் இல்லை. கல்யாணத்துக்கு முன் இருவரும் பத்து ஃபெரிங்கி கடற்கரை வரை சுற்றிய வண்டி. ஓடாத அதைத் தூக்கிப் போடச் சொல்லி அவள் எத்தனை சண்டை போட்டும் அசையாதவன் அவன்.

“நீதானே வீசச் சொன்ன,” என்றான், கிரீஸ் கையைத் துடைத்தபடி. பிறகு மெதுவாக, “அங்க யாருக்கும் சத்தம் கேக்கலைதானே லா?”

“யாருக்குமே கேக்கல,” என்றாள்.