மூட்டைக்கு முன்னால் வந்த பேனர்

நிலம் குலுங்கியதில் மலையிலிருந்த வளைகளெல்லாம் இடிந்து விழுந்தன. உச்சியில் ஓர் எலியம்மா தன் நாலு குஞ்சுகளோடு மழையில் நனைந்துகொண்டு பசியோடு கிடந்தாள். சிங்கராசா மனமிரங்கி, ஒரு மூட்டைக் கம்பும் தன் படம் போட்ட பேனரும் கழுதைமேல் ஏற்றி அனுப்பினார்.

அந்த மலைக்காகத்தான் கீரிகளும் பாம்புகளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அடிவாரத்தில் கீரி மறித்தது.

"எங்க எல்லை வழியா போற சாமானுக்கு எங்க தலைவர் படமும் வேணும்ல?" என்று ஒரு பேனரை ஏற்றிவிட்டது.

பாதி மலையில் பாம்பு சீறியது. "கீரி படம் போகுது, எங்க தலைவர் படம் போகக் கூடாதா?"

அதையும் ஏற்றியதும் கழுதை முதுகில் இடமில்லை. கம்பு மூட்டையை அங்கேயே இறக்கிவிட்டு, மூச்சிரைக்க உச்சிக்கு வந்து சேர்ந்தது.

"ராசா அனுப்புன கம்பு எங்கண்ணே?" என்றாள் எலியம்மா.

"பின்னால வரும் தாயி. முதல்ல பேனரைக் கட்டணும்."

எலியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேனரையும் சேர்த்து இழுத்துக் கட்டிக் கூரை போட்டாள். குஞ்சுகள் உள்ளே ஓடின.

"அய்யய்யோ, படமெல்லாம் உள்பக்கம் போயிடுச்சே! வெளிய தெரியணும் தாயி!"

"இருக்கட்டும்ண்ணே. பிள்ளைங்க சாப்பிட்டாச்சான்னு மூணு பேரும் பார்த்துக்கிட்டே இருக்கட்டும்."

கழுதை நிமிர்ந்து பார்த்தது. சிங்கமும் கீரியும் பாம்பும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்க, அடியில் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின.

மூட்டையை எடுக்க மலையிறங்கி ஓடியது கழுதை.