நாலு எழுத்து மட்டும்

“அ, ஆ எல்லாம் எனக்கு வேணாம் டீச்சர். அவ பேர்ல இருக்கிற நாலு எழுத்தை மட்டும் சொல்லிக் குடுங்க. நாளைக்குக் காலையில எனக்கு அது தெரிஞ்சாகணும்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவியின் பாட நேரத்தில் கணவர் போனை எடுத்ததே அதிசயம். ‘இந்த வயசுல படிச்சு கலெக்டராவா ஆகப் போற?’ என்று கிண்டல் செய்துகொண்டே, தினமும் வகுப்பு முடியும்வரை வாசலில் சைக்கிளோடு காத்துக் கிடந்த கொத்தனார் அவர்.

தொற்று வந்து சமூகக் கூடத்தைப் பூட்டியதும், பெண்களுக்கான எழுத்தறிவு வகுப்பு போனுக்கு மாறியது. பாதிப் பேரிடம் இருந்தது பட்டன் போன்தான். அதனால் தீக்குச்சியும் நூலும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, எழுத்தின் வடிவத்தை வாயால் விவரித்துத் தரையில் அடுக்க வைப்பார் டீச்சர். அதில் கொத்தனாரின் மனைவியை மிஞ்ச ஆள் கிடையாது. வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘முதல் பெஞ்ச்’.

“முதல் பெஞ்ச் எங்க அண்ணே? போன வாரம் இருமிக்கிட்டே பாடம் கேட்டாங்களே?”

“ஆஸ்பத்திரியில இருக்கா டீச்சர். சேர்த்ததுல இருந்து என்னை உள்ள விடல.”

பாடத்துக்காக டீச்சர் கூப்பிடும் எண்களில் இரண்டை இப்போதெல்லாம் கூப்பிடுவதில்லை.

“நாளைக்கு என்ன அண்ணே?”

“காலையில வரச் சொல்லியிருக்காங்க. வீட்டுல இருந்து ஒரு ஆள்தான் வரணுமாம்.”

அப்பாடா என்று இருந்தது டீச்சருக்கு. “அதுக்கா இவ்வளவு அவசரம்? பேரை எழுதி ஜன்னல்ல தூக்கிக் காட்டப் போறீங்களா?”

“எழுத வேணாம் டீச்சர். பார்த்ததும் இது அவ பேர்தான்னு தெரியணும். அது போதும்.”

“அங்க இருக்கிறவங்களைக் கேட்டாப் படிச்சுச் சொல்லுவாங்களே?”

“எதிர்வீட்டுக்காரருக்கு அவசரத்துல மாத்திக் குடுத்துட்டாங்க. நான் யாரையும் நம்ப மாட்டேன்.”

மருந்து மாத்திரையில்கூடவா இப்படிச் செய்வார்கள் என்று டீச்சருக்குக் கோபம் வந்தது. “சரி, மூணு தீக்குச்சி எடுங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, அடியில ஒண்ணு. மேல திறந்தே இருக்கட்டும்.”

“தண்ணித் தொட்டி மாதிரி வருது.”

“அதேதான். அதுதான் ப. இப்ப இன்னொரு தொட்டியைக் கவுத்துப் போடுங்க. வலது கால் நுனி மட்டும் கொஞ்சம் சாயணும். தலையில நூலால ஒரு கொக்கி. அது ரி.”

“வந்திடுச்சு டீச்சர்.”

“பார்த்தீங்களா! விட்டா தீக்குச்சியிலயே வீடு கட்டிடுவீங்க.”

“வீடுதான் கட்டித் தர்றேன்னு அவகிட்டச் சொல்லியிருந்தேன்” என்றார் கொத்தனார். பிறகு கொஞ்ச நேரம் தரையில் குச்சிகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாவது எழுத்தில் திணறினார். கலைத்தார், அடுக்கினார், மறுபடி கலைத்தார். “மண்டையில ஏற மாட்டேங்குதே” என்று தன்னையே திட்டிக்கொண்டார். டீச்சர் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவழியாக நான்காவதும் முடிந்தபோது வெளியே வெயில் இறங்கியிருந்தது.

“டீச்சர், இதே ப-வுல ஆரம்பிக்கிற வேற பேரும் இருக்குமா?”

“நம்ம வகுப்புலயே மூணு பேர் இருக்காங்களே.”

“அப்ப முதல்ல இருந்து இன்னொரு தடவை சொல்லிக் குடுத்துடுங்க. ஒரு எழுத்துகூடத் தப்பக் கூடாது. வேற ஒருத்தியை அவன்னு நினைச்சு நான் வாங்கிட்டு வந்துடக் கூடாது.”

“நல்லா இருக்கு போங்க!” டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். “கட்டின பொண்டாட்டியை அடையாளம் கண்டுபிடிக்க எழுத்து எதுக்கு அண்ணே? முகத்தைப் பார்த்தாத் தெரியாதா?”

மறுமுனையில் குச்சிச் சத்தம் நின்றது.

“முகத்தைக் காட்ட மாட்டாங்களாம் டீச்சர். கட்டின பை மேல பேர் மட்டும்தான் எழுதியிருக்குமாம்.”