இன்னொரு கரண்டி

லண்டன் இல்ஃபோர்ட்டில் கலாவதியின் வீட்டு டிவியில் பின்னேரச் செய்தி முடிந்ததும் மனச்சோர்வு மாத்திரை விளம்பரம் ஒன்று வரும். அதில் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஆத்துகிறவர் அவளுடைய கணவர் இராஜேந்திரன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கடைசிவரை தொடாமல், வருடக்கணக்காகச் சிரிக்காமல், போன மாரியில் காலமானவர்.

“இந்த நாட்டில அப்பிடியான மருந்துகளை டிவியில விளம்பரம் செய்ய ஏலாது, மச்சாள்” என்றாள் பார்மசியில் வேலை செய்யும் அவருடைய தங்கை சுகிர்தா.

“ஓம், தெரியும்” என்றாள் கலாவதி.

பக்கவிளைவுகளைக் கடகடவென்று ஒப்பிக்கும் ஆங்கிலக் குரல் ஓயும்வரை பொறுத்திருப்பாள். அதன்பிறகுதான் அவர் ஒரு கரண்டி சீனி போட்டு, ஆத்தி, கோப்பையை அவள் பக்கம் நீட்டுவார்.

நேற்று, பழக்கதோஷத்தில், “சீனி காணாது” என்று சொல்லிவிட்டாள்.

இன்று அவர் கோப்பையை நீட்டுவதற்கு முன் இன்னொரு கரண்டி போட்டார்.