துண்டு போட்ட சீட்டு

பஸ்ஸில் ஏறியதும் அவள் அந்தத் துண்டைத்தான் பார்த்தாள்.

பச்சைக் கரை போட்ட துண்டு. அவளைப் பெற்ற அய்யாவுடையது. ஜன்னல் ஓரம் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சீட்டில் அது விரித்துக் கிடந்தது.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சின்ன வயதில் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்கப் போகும்போதும் அய்யா இப்படித்தான். முன்னால் போய்த் துண்டைப் போட்டு மகளுக்கு இடம் பிடித்து வைப்பார்.

ஊருக்கு வந்த முதல் பஸ். முகப்பில் மாலை. ஊரே ஏறியிருந்தது. டவுன் வரைக்கும் போய்விட்டு இதே பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. டவுனில் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை.

கோவில்பட்டியிலிருந்து காலையில் அதே பஸ்ஸில்தான் அவள் வந்து இறங்கினாள், இடுப்பில் மகனோடு. யாரும் வா என்று சொல்லவில்லை. பஸ் வந்த சந்தோஷத்தில் மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவள் கெட்டிக்காரி.

சேரக் கூடாதவனைக் கட்டிக்கொண்டாள் என்று ஊர் ஒதுக்கிவைத்தவள் அவள். அம்மா செத்ததற்குக்கூட யாரும் சொல்லி அனுப்பவில்லை.

போன வருஷம் அய்யாவே வீடு தேடி வந்தார். தார் ரோடு போட ஊரில் ஐநூறு பேர் இருக்க வேண்டுமாம். எண்ணிப் பார்த்ததில் மூன்று பேர் குறைகிறதாம். ரோடு வந்தால்தான் பஸ்ஸாம்.

"கணக்கெடுக்க வாராங்க. மாப்பிள்ளையையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுல வந்து இரு தாயி."

மாப்பிள்ளை என்றார்.

அவள் புருஷன் கொண்டுவந்த சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். அண்ணாந்துதான் குடித்தார். ஆனாலும் குடித்தார்.

அதில்தான் அவள் ஏமாந்தாள்.

கணக்கெடுப்பு முடியும்வரை ராஜ உபசாரம். ஒதுக்கிவைத்தவர்களே வாசலுக்கு வந்து சௌக்கியம் கேட்டார்கள். பேரன் தாத்தாவின் தோளைவிட்டு இறங்கவில்லை. இனி பஸ் வந்துவிடும், நினைத்தபோது வந்து போகலாம் என்று எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள்.

இப்போது பஸ் வந்துவிட்டது.

நிற்கிறவர்களை விலக்கிக்கொண்டு அவள் அந்தச் சீட்டு வரை போனாள். பையன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"தாத்தா."

அய்யா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அவள் துண்டின் ஓரத்தைத் தொட்டாள். அவர் கை வந்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"ஆள் வருது," என்றார்.

பேச்சு நின்றது. பிறகு, ஒன்றுமே நடக்காதது போல, மறுபடி தொடங்கியது. யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. இதே வாய்கள்தான் போன வருஷம் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டவை.

வண்டி கிளம்பியது.

கண்டக்டர் வெளியூர்க்காரர். பிள்ளையோடு நிற்கிறவளைப் பார்த்தார். காலியாகக் கிடந்த சீட்டைப் பார்த்தார். ஊரின் கடைசி வீட்டருகே விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினார்.

"இன்னும் யாரு பெரியவரே வரணும்?"

அய்யா துண்டில் விழுந்திருந்த சுருக்கத்தை நீவிவிட்டார்.

பஸ் காத்துக்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படவில்லை.

வரப்போகிற அந்த ஆளைத் தேடி, பையன் அவள் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தான்.

புது ரோடு கறுப்பாகக் கிடந்தது. அவனையும் சேர்த்து எண்ணி வாங்கிய ரோடு.

அதில் யாரும் வரவில்லை.