உள்ளே படி

விற்பனைக்கு வரும் பட்டாசுக் கம்பெனிப் பங்கில் தன் சேமிப்பையெல்லாம் போடப்போவதாக யோகேஸ்வரி சொன்னதும், அவள் அப்பா பலவேசம் பதறிப்போனார்.

"பங்கு விக்கிறதுக்குப் போட்ட புராஸ்பெக்டஸ் புத்தகத்தைப் படிச்சியா தாயி?"

"அட்டையைப் பாத்தேன்ப்பா. பளபளன்னு இருந்துச்சு."

"சிவகாசியில அட்டை அடிக்கவா ஆளில்ல? உள்ள படி. பணம் போடுறவுக ஏமாறக் கூடாதுன்னு, கம்பெனியோட குறையெல்லாம் அதுல சொல்லியாகணும். சட்டம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே வாசித்தார். தீபாவளி சீசனில் மழை பெய்தால் வியாபாரம் படுத்துவிடும். அச்சங்குளம் குடோன் இடத்தின் மேல் கோர்ட்டில் வழக்கு இருக்கிறது. பங்கு விற்று வரும் பணத்தில் பாதி, பழைய கடனுக்கே போய்விடும்.

யோகேஸ்வரி அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டு இருக்கா! இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே. வேண்டாம்ப்பா, பணம் பேங்க்லயே கிடக்கட்டும்."

"அதான் நல்லது."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. பலவேசம் அவசரமாகச் சரிகைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"விருதுநகர்ல பங்கு வாங்க வாரவுக கூட்டத்துல என்னப்பா பேசப்போறீக?"

"நம்ம பட்டாசுக் கம்பெனியில கண்ணை மூடிக்கிட்டுப் பணம் போடுங்கன்னுதான். முதலாளி நானே சொல்லலேன்னா, வேற யாரு தாயி சொல்லுவா?"