ஒற்றைச் சிவப்பு

“ஒரே ஒரு வரி! அதைத் திருத்த உங்களுக்குக் கை வரல. ஊர் உலகமே பார்க்கிற பக்கத்துல அது ஒண்ணு மட்டும் சிவப்பா பல்லை இளிச்சுட்டு நிக்குது!”

திங்கட்கிழமை மத்தியானமானால் மனைவி பாடுகிற பாட்டு. வார்த்தைகூட மாறாது.

கணவன் ஜன்னலோர சோபாவில் கால் நீட்டிக் கிடந்தான். திரைச்சீலை உப்பி, மெல்ல அடங்கியது. மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் பூனை மாதிரி கர்ரென்று முனகிக்கொண்டிருந்தது.

இருவருக்கும் ஒரே வேலை. வாட்ச், மீட்டர், பொம்மை என்று சின்ன மெஷின்களுக்குள் ஓடுகிற புரோகிராமைப் பெரிய கம்ப்யூட்டரில் தயாரிக்க, அந்தந்தச் சிப்பின் பாஷைக்கு மாற்றித் தருகிற ஒரு கம்பைலர் வேண்டும். அந்தக் கம்பைலரையே கட்டித் தருகிற டூல் ஒன்று உண்டு. ‘இந்தச் சிப்புக்கு இன்னின்ன பாகத்தில் இன்னின்ன வெர்ஷனைச் சேர்’ என்று யார் யாரோ எழுதிக் கொடுத்த மாதிரிக் குறிப்புகளைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்வது இவர்கள் பொறுப்பு.

திங்கட்கிழமைதோறும் எல்லா மாதிரியையும் கம்ப்யூட்டர் தானே கட்டிப் பார்க்கும். கட்ட முடிந்தால் பச்சை. முடியாவிட்டால் சிவப்பு. சிவப்பானால், எழுதிக் கொடுத்தவருக்குத் தானாகவே ஒரு மெயில் போகும்.

“இந்த மாதிரியை எழுதிக் கொடுத்தது ஒல்லிதானே?”

“ம்.”

“உயிர் சிநேகிதன்னு உருகுவீங்க. மனுஷன் போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. அவர் கொடுத்ததை ஒழுங்கா வச்சுக்கத் துப்பில்ல.”

“இருந்துட்டுப் போகட்டுமே.”

“எது? சிவப்பாவா?”

“அதுக்கு ஒரு காரணம்…”

“சோம்பேறித்தனத்துக்குக் காரணம் வேறயா? தூங்குங்க சாமி, தூங்குங்க.”

அவன் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, சொன்னபடி தூங்கினான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒல்லியின் மாதிரியில் இருந்த பழைய வெர்ஷனை அழித்தாள். புதியதைப் போட்டாள். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் மறுபடி கட்ட ஆரம்பித்தது. திரையில் வரிகள் சாரல் மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தன. அறை கதகதத்தது. அவளுக்கும் கண் சொக்கியது. வீடே கட்டவிழ்ந்து எங்கோ மிதந்து போவதுபோல் இருந்தது.

விழித்தபோது பக்கம் முழுக்கப் பச்சை. ஒரு புள்ளி சிவப்பில்லை.

அவனிடம் சொல்லவில்லை. தானாகப் பார்த்து வெட்கப்படட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தப் பக்கத்தை அவன் திறந்தால்தானே!

அடுத்த திங்கட்கிழமை. அதே சோபா, அதே தூக்கம். அவன் போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

“தம்பி, ஒல்லியோட அம்மா பேசறேன்.”

“அவர் தூங்கறார்மா. நான் அவர் சம்சாரம். சொல்லுங்க.”

“நீதானா? ஒண்ணுமில்ல கண்ணு. திங்கட்கிழமையானா எம்பையனுக்கு ஒரு மெயில் வரும். அதுக்காகவே அவன் கம்ப்யூட்டரை இன்னும் வச்சிருக்கேன். இன்னிக்கு வரல.”

“அது… அது மெஷின் தானா அனுப்பறதும்மா.”

“தெரியுமே. தம்பி எல்லாம் விளக்கமா சொல்லியிருக்கு. உள்ள இருக்கறது எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனா மேல, அவன் பேரைப் போட்டு வணக்கம்னு இருக்கும். அத மட்டும் படிப்பேன். இப்பல்லாம் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடறது அது ஒண்ணுதான்.”

திரைச்சீலை உப்பி, அடங்கியது. திரையில் மேலிருந்து கீழ்வரை பச்சை.

“லைன்ல இருக்கியா கண்ணு? ‘பழுது சரியானா மெயில் நின்னுடும், அதனால நான் சரி பண்ணவே மாட்டேன், நீங்க கவலைப்படாதீங்கம்மா’ன்னு தம்பி எனக்கு வாக்குக் கொடுத்திருக்கு. தப்பித் தவறி வேற யாராச்சும் சரி பண்ணிட்டாங்களான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்?”