துடைத்தால் ஓடும் கம்ப்யூட்டர்

"ஏங்க, இன்னிக்கும் நின்னுடுச்சு!"

வாயில் நுரையோடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தான் கணவன். "நீ என்ன பண்ணினே?"

"ஸ்விட்சைப் போட்டேன். அது ஒரு குத்தமா?"

திரை முழுக்கக் கறுப்பு. மேல் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் நகருவேனா என்றது கம்ப்யூட்டர்.

"அணைச்சுப் போடு."

"போட்டாச்சு."

"இன்னொரு தடவை போடு."

"அதுவும் ஆச்சு. நீங்க வந்துதான் பாருங்களேன்."

"வோல்டேஜ் கம்மியா இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். நேற்று சூடு என்றான். முந்தாநாள் குளிர்.

அவள் ஒன்பது மணிக்கு வேலை தொடங்க வேண்டும். வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. கெஞ்சிக் கூத்தாடித்தான் வீட்டிலிருந்து பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். ஒரு நாள் தாமதமானாலும் பழையபடி ஆபீசுக்கே வந்துவிட வேண்டும் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். ஆபீசுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த அலைச்சலில் பஸ் நிறுத்தத்திலேயே மயங்கி விழுந்தவள் அவள்.

"அது முழிக்கறப்போ முழிக்கட்டும். நீ வந்து சாப்பிடு." சமையலறையிலிருந்து மாமியாரின் குரல்.

"சாப்பிடற நேரமா அத்தை இது?"

"முறைச்சுப் பார்த்தா ஓடிடுமா? வாம்மா, ஆறிடப்போகுது."

வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்தாள். ஒரு கண் தட்டில், ஒரு கண் கடிகாரத்தில்.

அவள் கை கழுவிவிட்டு வருவதற்குள் மாமியார் தூசித் துணியோடு மேஜைக்கடியில் குனிந்து, கம்ப்யூட்டர் பெட்டியை முன்னும் பின்னும் துடைத்துவிட்டு நிமிர்ந்திருந்தார்.

"இப்பப் போட்டுப் பாரு."

போட்டாள். சமர்த்தாக ஓடியது. ஒன்பதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

"எல்லாம் தூசிம்மா" என்றபடி மாமியார் துணியை உதறினார்.

தினமும் இதே கூத்து. ஞாயிற்றுக்கிழமை கணவன் படம் பார்க்கப் போட்டால் மட்டும் மறுபேச்சில்லாமல் ஓடியது.

"லீவு நாள் எதுன்னு அதுக்குக்கூடத் தெரியுது பாரேன்!" என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றும் புரியவும் இல்லை.

ஒரு நாள் மாலை மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் போட்டார், அணைத்தார், போட்டார். ஒவ்வொரு தடவையும் ஓடியது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம்."

"காலைல மட்டும்தான் நிக்கும்."

மெக்கானிக் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"எங்கம்மா துடைச்சா ஓடிடும்" என்று கணவன் விளக்கினான்.

மெக்கானிக் இப்போது இரண்டு பேரையுமே ஒரு மாதிரி பார்த்தார்.

அவள் வாசல்வரை கூடப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "பின்னாடி பென்டிரைவ் எதையாவது சொருகி அப்படியே விட்டுடறீங்களா? சில மெஷின் அதுக்குள்ள எதையோ தேடிக்கிட்டு அங்கேயே நின்னுடும்."

"சேச்சே, அதெல்லாம் இல்லை."

மறுநாள் காலை. அதே கறுப்பு, அதே வெள்ளைக் கோடு. அவள் கணவனைக் கூப்பிடவில்லை. மேஜைக்கடியில் புகுந்து, சுவரை ஒட்டியிருந்த பெட்டியின் பின்பக்கம் ஒயர்களுக்குள் கையை விட்டுத் துழாவினாள். கட்டைவிரல் அளவில் ஏதோ தட்டுப்பட்டது. உருவினாள்.

கல்யாண போட்டோக்கள் இருக்கும் பென்டிரைவ். அலமாரியில் இருக்க வேண்டியது.

கணவனுக்கு இதன் பின்பக்கம் எது என்றே தெரியாது. அப்படியானால்...

தூசித் துணி. மேஜைக்கடியில் குனிவது. 'உடம்பு முக்கியமா, வேலை முக்கியமா' என்று மாமியார் அடிக்கடி கேட்பது. எல்லாமே இப்போது வேறு மாதிரித் தெரிந்தது.

நிமிர்ந்தபோது, ஆவி பறக்கும் தட்டோடு மாமியார் நின்றிருந்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நான் வேலை பார்க்கிறது பிடிக்கலைன்னா நேராவே சொல்லியிருக்கலாமே அத்தை. இப்படியா?" அவள் குரல் உடைந்தது.

"ஐயோ, உன் வேலையைக் கெடுப்பேனா நான்? ஒரு நாளாவது ஒன்பதைத் தாண்ட விட்டேனா, சொல்லு."

யோசித்துப் பார்த்தாள். இல்லைதான்.

"பின்ன எதுக்கு?"

மாமியார் தட்டை மேஜைமேல் வைத்தார். "முதல்ல நான் சொருகலைம்மா. நீங்க ரெண்டு பேரும் போட்டோ பார்த்துட்டு அப்படியே விட்டுட்டீங்க. காலைல நின்னுடுச்சு. துடைக்கறப்போ என்னவோன்னு உருவினேன், ஓடிடுச்சு."

"சரி. அதுக்கப்புறம்?"

"அது ஓட ஆரம்பிச்சுட்டா நீ தட்டைத் திரும்பிப் பார்க்கிறியா? சாயங்காலம் காய்ஞ்சுபோனதைக் கொட்டிட்டுக் கழுவறது யாரு?" ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "அது நின்ன அன்னிக்குத்தாம்மா நீ உட்கார்ந்து சூடா சாப்பிட்டே."

அவள் ஆவி பறக்கும் தட்டைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு? ஓடுதா இல்லையா?" குளியலறையிலிருந்து கணவன் கத்தினான்.

அவள் குனிந்து, பென்டிரைவை எடுத்த இடத்திலேயே சொருகினாள். தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்கங்க ஓடுது! அத்தை இன்னும் துடைக்கலையே!"